படகு கட்டாத வளையங்கள்

பிப்ரவரி 9

ஊமைக்கோட்டானுக்கு அத்தை எழுதுவது.

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. போனில் திட்டலாம் என்றால் நீ சொல்லும் பதில் எனக்குக் கேட்காது. மில் சத்தம் என் காதைத் தின்று இருபது வருஷம் ஆகிறது. அதனால் எழுதியே திட்டுகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை உன் ஊருக்கு வந்திருந்தேன். உன் அறைக்கு வரவில்லை. என் மகன் பெண்டாட்டிதான், "அத்தை, நீங்க வேலை பாத்த மில்லுப் பக்கம் கால்வாயைச் சுத்தம் பண்ணி, நடக்கறதுக்குப் பாதை போட்டிருக்காங்களாம். ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரலாம்" என்று கூட்டி வந்தாள். திறப்பு விழா இன்னும் நடக்கவில்லை, ஆனாலும் ஜனங்கள் நடக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. நாற்றம் இல்லை. புகைபோக்கிக்குப் புதுச் சாயம். சாயத்தொட்டி இருந்த இடத்தில் பெஞ்சு. ஒரு கொதிகலனை வெளியே இழுத்து வைத்துச் சுற்றிலும் பூச்செடி நட்டிருக்கிறார்கள், செத்தவனுக்குத் தலை சீவிவிட்ட மாதிரி.

அதுவரைக்கும் சிரித்துக்கொண்டுதான் வந்தேன். இன்ஜின் அறைச் சுவருக்கு வந்தோம். எட்டு வளையங்களும் அப்படியே இருந்தன. பக்கத்தில் ஒரு பலகை. ஒவ்வொரு வார்த்தையாக நின்று படித்தேன். "சரக்கு ஏற்றி வந்த படகுகள் இந்த இரும்பு வளையங்களில் கட்டப்பட்டன." கீழே நீல நிறத்தில் ஒரு குட்டிப் படகு. அதில் ஒருவன் உட்கார்ந்து இளிக்கிறான்.

மருமகள் சொல்கிறாள், "அத்தை, அந்த வளையத்தைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்." நான் பிடிக்கவில்லை.

காவல்காரனிடம் கேட்டேன், "யாருய்யா இதை எழுதினது?"

"ஆபீஸ்ல ஒரு படிச்ச பொண்ணும்மா. வாயே திறக்காது. ஆனா எழுத்து முத்து முத்தா இருக்கும்."

வாயே திறக்காது என்றதும் அது நீதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீ ஏதோ கால்வாய் ஆபீசில் சேர்ந்திருப்பதாக உன் அப்பன் சொல்லியிருந்தான்.

அந்த இடத்தில் கால்வாய்க்குப் பன்னிரண்டு அடிதான் அகலம். இந்தப் பக்கம் மதகு, அந்தப் பக்கம் தலையில் இடிக்கிற பாலம். படகு எப்படி வந்தது, பறந்து வந்ததா? அந்த வளையங்கள் எங்கள் இடுப்புக் கயிற்றைக் கட்ட வைத்தவை. நாங்கள் கேட்டு, சண்டை போட்டு வாங்கியவை. அதை எங்களிடமிருந்து பிடுங்கி ஒரு படகுக்குக் கொடுத்துவிட்டாய். நம் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கிய கை அதை எழுதியிருக்கிறது.

மாற்று. மாற்றுகிற வரைக்கும் என்னை அத்தை என்று கூப்பிடாதே.


பிப்ரவரி 14

கூப்பிடாதே என்றீர்கள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். தெரியவில்லை. அத்தை என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளுங்கள்.

எழுதியது நான்தான். மொத்தம் இருபத்திரண்டு பலகைகள். ஆறு மாதத் தற்காலிக வேலை. எழுதுவதற்கு முன் கால்வாயை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நாலு தடவை நடந்தேன், அளவு நாடாவும் நோட்டும் வைத்துக்கொண்டு. யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் எனக்குப் பேச்சே வராது. கல்லையும் இரும்பையும் பார்த்து எழுதிக்கொள்வது சுலபம். அவை திரும்ப என்னை எதுவும் கேட்காது.

வளையங்களையும் அளந்தேன். தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஓர் ஆள் உயரம். படகு கட்ட அவ்வளவு உயரம் எதற்கு என்று அப்போதே தோன்றியது. இன்னொன்றும் பார்த்தேன். படகு ஆடும்போது கயிறு இரண்டு பக்கமும் இழுக்கும், வளையம் பக்கவாட்டில் தேய வேண்டும். இவை எட்டும் அடிப்பாகத்தில் மட்டும் தேய்ந்திருக்கின்றன. ஏதோ பாரம் நேராகக் கீழே இழுத்திருக்கிறது. எட்டாவது வளையத்தைத் தாண்டிச் சுவரின் மூலைக்கல் ஒன்று வழவழவென்று இருக்கிறது, மற்ற கல்லெல்லாம் உள்ளங்கையைக் கிழிக்கும். இதையெல்லாம் குறிப்பின் ஓரத்தில் பென்சிலால் எழுதி, "படகுக்கானவை அல்ல என்று நினைக்கிறேன்" என்று முடித்திருந்தேன்.

அலுவலகக் கூட்டத்தில், பலகைகளுக்குப் படம் போடும் வடிவமைப்பாளர் அதைப் படித்தார். "அடடே, துப்பறியும் அதிகாரி!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "இதெல்லாம் யாரும்மா படிக்கப் போறாங்க? படகுன்னு போடு. குழந்தைங்களுக்குப் பிடிக்கும். நானே ஒண்ணு வரைஞ்சு தரேன்."

எனக்குக் காது சுட்டது. "சரி சார்" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. ஆனால் அத்தை, நானும் ஒன்று கேட்க வேண்டும், எழுத்தில் என்பதால் கேட்டுவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் கட்டுரை எழுத வேண்டும் என்று உங்களிடம் வந்து, "மில்லுல நீங்க என்ன வேலை பாத்தீங்க?" என்றேன். "வேலைதான்" என்றீர்கள். "என்ன வேலை?" "தட்டைக் கழுவி வச்சுட்டு வந்து படுடி." அவ்வளவுதான் பதில். அப்பாவைக் கேட்டால், "எனக்கு அப்ப எட்டு வயசு, எனக்கென்ன தெரியும்" என்பார். நம் வீட்டில் யாரும் சொல்லாததைச் சுவரில் போய்த் தேடியிருக்கிறேன். அதைத் தப்பாக எழுதினால் என்னை மட்டும் திட்டுகிறீர்கள்.

கடைசி வரி கொஞ்சம் அதிகமோ என்று பயமாக இருக்கிறது. அடிக்கவில்லை, அப்படியே அனுப்புகிறேன்.


பிப்ரவரி 20

பயப்படாதே. உன் கடிதத்தில் அந்த வரி ஒன்றுதான் உருப்படியாக இருந்தது.

சொல்லவில்லைதான். இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள்.

இன்ஜினைக் குளிர வைக்க மில் கால்வாயிலிருந்து தண்ணீர் இழுக்கும். இழுக்கிற வாயில் இரும்புக் கம்பி வரிசை உண்டு. நாங்கள் சீப்பு என்போம். களை, கந்தல், கழிவுப் பஞ்சு, செத்த நாய் எல்லாம் வந்து அதில் அப்பிக்கொள்ளும். அள்ளாவிட்டால் இன்ஜின் சூடாகி மில் நின்றுவிடும். கழிவுப் பஞ்சுப் பிரிவில் பெண்கள் பத்துப் பேர் இருந்தோம். ஒரு நாளைக்கு மூன்று தடவை இறங்கி அள்ள வேண்டும். சுவரோரம் அரையடித் திட்டு, அதில் நிற்க வேண்டும். மேலே பிடிக்க ஒன்றும் கிடையாது. தண்ணீர் காலை இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஒருத்தி வழுக்கினாள். எப்போதும் எதையாவது முனகிக்கொண்டிருப்பாள், அதனால் பாட்டுக்காரி என்போம். சீப்போடு ஒட்டிக்கொண்டாள். இழுக்கிற தண்ணீரை நிறுத்தினால்தான் அவளை எடுக்க முடியும். மேஸ்திரியிடம் ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "நிறுத்தினா திரும்ப ஓட்ட எவ்வளவு நேரம் ஆகும்?" அதைக் கணக்குப் பார்த்து முடிப்பதற்குள் அவள் முடிந்துவிட்டாள்.

சுவரில் வளையம் வையுங்கள், இடுப்பில் கயிறு கட்டி இறங்குகிறோம் என்று கேட்டோம். சுவர் கெட்டுப் போகும் என்றார்கள். ஆமாம், சுவர். அதனால் வேலையை நிறுத்தினோம். ஏழு நாள். நெட்டையம்மா என்று ஒருத்தி, அவள்தான் முன்னால் நின்றாள். ஏழாம் நாள் கம்பெனி இறங்கி வந்தது. கொல்லர் வந்து வளையம் அடித்தார்.

இதை எழுது. வடிவமைப்பாளர் சிரித்தால், பாட்டுக்காரி எவ்வளவு நேரம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தாள் என்று அவரிடம் சொல். இருபது நிமிஷம். சிரிக்கச் சொல் பார்க்கலாம்.


மார்ச் 2

அத்தைக்கு.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. மரியாதை குறைந்திருந்தால் குறைந்ததாகவே இருக்கட்டும்.

அலுவலகத்தில் பேசினேன். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதிகாரி மேசைக்கு முன்னால் நின்று, முழுவதும் சொன்னேன். இருபது நிமிஷம் என்று சொன்னபோது வடிவமைப்பாளர் சிரிக்கவில்லை. அதிகாரி மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க வீட்டுக் கதையைப் பலகையில போட முடியாதும்மா. அந்த இடத்துல வேலை செஞ்சவங்க மூணு பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். ஆளுக்கொரு தாள். இருபதாம் தேதி வரைக்கும்தான். இப்ப இருக்கறது ஒட்டுத் தாள். இருபத்தொண்ணாம் தேதி எல்லாம் உலோகத்துல வார்க்கப் போயிடும். அப்புறம் அந்தக் கடவுளே வந்தாலும் மாத்த முடியாது."

அதனால் நெட்டையம்மாவைத் தேடிப் போனேன். மில் தன் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த பழைய லைன் வீட்டிலேயே இருக்கிறார். வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் நின்று நானாகப் பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வளையம் என்றதுமே முகம் மலர்ந்துவிட்டது. "கையெழுத்தா? நாலு எடத்துல போடறேன், குடு!" என்றார். பிறகு, "நீ யார் வீட்டுப் பொண்ணு?" என்றார். சொன்னேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அவளா அனுப்பிச்சா உன்னை?"

"ஆமாங்க. அத்தைதான் எல்லாம் சொன்னாங்க."

"எல்லாம் சொன்னாளா? சுவத்துல எத்தனை வளையம்?"

"எட்டு."

"பாட்டுக்காரி போனதுக்கப்புறம் நாங்க எத்தனை பேரு?"

நான் விரல்விட்டு எண்ணினேன்.

"படிச்ச பொண்ணுதானே, பத்துல ஒண்ணு போனா எத்தனை? போய் உங்க அத்தைகிட்ட கேளு, ஒம்பதாவது எங்கடீன்னு. நாங்க எட்டுப் பேர் மில் கேட்டுக்கு வெளிய வெயில்ல நிக்கிறோம். இவ குனிஞ்ச தலை நிமிராம உள்ள போறா. ஆறு நாள் போனா. எங்க கண்ணு முன்னாடி போனா."

ஆனாலும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அந்த எட்டுப் பேரில் இன்னொருவரான, மூன்றாவது வரிசையில் இருக்கும் சோடாபுட்டி அம்மாவிடமும் அவரே கூட்டிப் போய் வாங்கித் தந்தார். எட்டில் ஐந்து பேர் இப்போது இல்லை. ஆறாவது ஆளுக்குத் தன் பெயரே நினைவில்லை. இரண்டு தாள் ஆயிற்று. மூன்றாவது தாள் எழுத உலகத்தில் ஒருவர்தான் பாக்கி.

"நாங்கள்" என்று எழுதியிருந்தீர்கள் அத்தை. நாங்கள் கேட்டோம், நாங்கள் நிறுத்தினோம். போன கடிதத்தை எடுத்து எண்ணிப் பார்த்தேன், ஒரு இடத்தில்கூட "நான்" இல்லை. நான் ஒரு கூட்டத்தில் "சரி சார்" என்றதற்குக் காறித் துப்பாத குறையாக எழுதினீர்கள். நீங்கள் யாரிடம் என்ன சொல்லிவிட்டு அந்தத் தண்ணீரில் இறங்கினீர்கள்?


மார்ச் 8

நெட்டைச்சியிடம் போகச் சொல்லி நான் உன்னிடம் சொன்னேனா? பலகையை மாற்று என்றுதான் சொன்னேன். என்னைத் தோண்டு என்று சொல்லவில்லை. உனக்கு இருபத்துமூன்று வயது, ஆறு மாத வேலை, ஒரு அளவு நாடா. அதை வைத்துக்கொண்டு என்னை அளக்க வந்துவிட்டாய்.

மூன்றாவது ஆள் செத்துப் போய்விட்டாள் என்று உன் அதிகாரியிடம் சொல்லிவிடு. படகே இருந்துவிட்டுப் போகட்டும். குழந்தைகளுக்குப் பிடிக்குமாமே.

இதற்குப் பதில் எழுதாதே.


மார்ச் 11

எழுதுகிறேன்.

"இருந்துவிட்டுப் போகட்டும்" என்று சொல்ல அது உங்கள் வளையம் இல்லை. எட்டுப் பேருடையது. அதற்கு முன்னால் பாட்டுக்காரியுடையது. நீங்கள் வெட்கப்படுவதற்காக அவர்கள் ஏன் படகாக வேண்டும்?

வேண்டுமானால் அந்த ஆறு நாளை விட்டுவிட்டு எழுதலாம். ஒன்பது பேர், எட்டு வளையம் ஏன் என்று அதிகாரி கேட்பார். ஏதாவது ஒரு பொய்யை எழுதி அனுப்புங்கள், நான் கொண்டு போய்க் கொடுக்க மாட்டேன். ஒன்றும் எழுதாவிட்டால் இருபதாம் தேதி மாலை அலுவலகம் மூடுகிற வரைக்கும் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பேன். மறுநாள் ராஜினாமாக் கடிதம் கொடுப்பேன். பொய் என்று தெரிந்த ஒன்றை என் எழுத்தாக உலோகத்தில் வார்க்க விட முடியாது. இது மிரட்டல் இல்லை. எனக்கு மிரட்ட வராது என்று உங்களுக்கே தெரியும்.


மார்ச் 16

கால்வாய் சீரமைப்பு அலுவலகத்துக்கு, முன்னாள் மில் தொழிலாளி ஒருத்தி எழுதிக் கொடுப்பது.

இன்ஜின் அறைச் சுவரில் உள்ள வளையங்கள் படகுக்கானவை அல்ல. சீப்பு அள்ளும் பெண்கள் இடுப்புக் கயிறு கட்ட வைத்தவை. படகு அந்த இடத்துக்கு வந்ததே இல்லை. வந்ததைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் என் முன்னால் வந்து சொல்லட்டும்.

ஒருத்தி இறந்த பிறகு ஒன்பது பேர் மிச்சம். எட்டுப் பேர் வேலையை நிறுத்தினார்கள். இரண்டாம் நாள் காலையில் மேஸ்திரி என் அறைக்கு வந்தார். "நீ எறங்கறியா, இல்ல சாமானைத் தூக்கி வெளிய வைக்கட்டுமா?" என்றார். அம்மா படுக்கையில் இருந்தாள். தம்பிக்கு எட்டு வயது. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. மற்ற எட்டுப் பேர் இருந்ததும் அதே லைன் வீடுதான். அவர்கள் அறைக்கும் அவர் போனார். அவர்கள் வீட்டிலும் படுக்கையில் ஆள் இருந்தது, குழந்தை இருந்தது. அவர்கள் மாட்டோம் என்றார்கள். நான் "சரிங்க ஐயா" என்றேன்.

ஆறு நாள் தனியாக இறங்கினேன். மூலைக்கல்லை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் அள்ளினேன். ஒரு ஆளால் அள்ளி முடியவில்லை. இன்ஜின் நின்று நின்று ஓடியது. அதனால்தான் கம்பெனி இறங்கி வந்தது.

கொல்லர் வந்தபோது, "ஒம்பதுதானே?" என்று கேட்டார். நெட்டையம்மா, "எட்டு" என்றாள். நான் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. கொல்லர் என் முகத்தைப் பார்த்தார், நெட்டையம்மா முகத்தைப் பார்த்தார், எட்டே அடித்தார்.

அதன் பிறகு பதினோரு வருஷம் கயிறு இல்லாமல் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டுதான் அள்ளினேன். அவர்கள் என்னோடு பேசவில்லை. இது எனக்கு வேண்டியதுதான் என்று சில நாள் தோன்றும். சில நாள் ஆத்திரமாக வரும், பதினோரு வருஷத்தில் ஒருத்திகூடத் தன் கயிற்றை ஒரு தடவை நீட்டவில்லையே என்று. இரண்டும் உண்மை. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இது என் கைப்பட எழுதியது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் தம்பி மகள் கேட்டாள், அவ்வளவுதான்.


மார்ச் 26

அன்புள்ள அத்தைக்கு,

பத்தொன்பதாம் தேதி பகலில் வந்தது. அதிகாரி நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். படகு போய்விட்டது. வடிவமைப்பாளர் அதை வீணாக்க மனமில்லாமல், "புகைபோக்கிப் பலகையிலயாவது ஒட்டிக்கறேனே" என்றார். "அங்கயும் படகு வந்ததில்லை சார்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை, நான் மட்டும் கொஞ்சம் சிரித்தேன்.

பலகையில் இப்போது இருப்பது: "மில்லுக்குத் தண்ணீர் இழுத்த இந்த இடத்தில், பிடிமானம் இல்லாமல் இறங்கி வேலை செய்த ஒரு பெண் இறந்தார். அதன் பிறகு எட்டுப் பெண்கள் ஏழு நாள் வேலையை நிறுத்தி, தங்கள் இடுப்புக் கயிற்றைக் கட்ட இந்த வளையங்களைப் பெற்றார்கள்."

அடியில் இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். ஒன்பதாவது பெண்ணைச் சேர்ப்பதா என்று அதிகாரி கேட்டார். அதற்கு நான் பதில் சொல்ல முடியாது என்றேன். இந்த ஒரு பலகையை மட்டும் அடுத்த புதன்கிழமைவரை நிறுத்தி வைத்திருக்கிறார்.

உங்கள் தாளைக் கொண்டு போய் நெட்டையம்மாவிடம் படித்துக் காட்டினேன். உங்களைக் கேட்காமல் செய்தேன். திட்டுவதென்றால் திட்டுங்கள். கொல்லர் வந்த இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார். கயிற்றை நீட்டவில்லையே என்ற இடம் வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து வந்தார், வரும்போதே குரல் உயர்ந்திருந்தது.

"நாப்பத்திமூணு வருஷமா எங்கிட்ட சொல்லாததை ஆபீசுக்கு எழுதறாளா? ஆபீசுக்கு என்னடி தெரியும்? கயிறு நீட்டலையாம்! இவ கேட்டாளா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டாளா? வரச் சொல்லு அவளை. என் மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்லச் சொல்லு. அவ பேச்சை நான் கேக்கறேன், எம் பேச்சை அவ கேக்கட்டும். பலகையில போடறதா வேண்டாமான்னு அப்புறம் சொல்றேன். ஞாயித்துக்கிழமை மூணு மணி. இங்க அவளுக்குச் சோறு தண்ணி எதுவும் கிடையாது, அதையும் சொல்லிடு."

அவர் மன்னிப்பார் என்று என்னால் சொல்ல முடியவில்லை அத்தை. மன்னிக்கிற குரலாக அது இல்லை. நீங்களும் மன்னிப்புக் கேட்க மட்டும் வருகிற ஆள் இல்லை என்று உங்கள் தாளைப் படித்த பிறகு எனக்குத் தெரியும்.

பகல் சாப்பாடு என் அறையில். பதினொரு மணி பேருந்தில் வாருங்கள், நிலையத்தில் நிற்பேன். வரும் பேருந்துக்கு மட்டும் முன்பதிவு செய்து சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். திரும்பிப் போக எடுக்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியவில்லை.